ஐஇஎல்டிஎஸ் லிசனிங்: சொற்கள் தெரிந்தும் காதில் பிடிபடாதது ஏன்?

மழைத்துளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேற்படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வைக் கணினி வழியில் எழுதவிருக்கிறேன். லிசனிங் பிரிவில் 7 பேண்ட் (மதிப்பெண் நிலை) தேவை. ரீடிங், ரைட்டிங் இரண்டிலும் ஓரளவு நம்பிக்கை வந்துவிட்டது; லிசனிங்கில் மட்டும் மதிப்பெண் நகராமல் நிற்கிறது. மாதிரித் தேர்வுகளை ஒன்று விடாமல் எழுதிப் பார்த்துவருகிறேன். 40 கேள்விகளில் 25-ஐ ஒட்டியே சரியான விடைகள் வருகின்றன.

லிசனிங்கின் நான்கு பகுதிகளுள் முதல் இரண்டில் பெரிய இழப்பு இல்லை. மூன்றாம் பகுதியில் மாணவர்கள் தங்களுக்குள் விவாதிக்கத் தொடங்கியதும், எந்தக் கருத்து யாருடையது என்பதே குழம்பிவிடுகிறது. நான்காம் பகுதியில் ஒரு விடையைத் தவறவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்து வரும் விடைகளும் கைநழுவிப் போய்விடுகின்றன.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. தேர்வு முடிந்தபின் ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படித்தால், அதில் எனக்குத் தெரியாத சொல் அநேகமாக இருப்பதில்லை. தெரிந்த சொற்களே காதில் விழும்போது ஏன் பிடிபடாமல் போகின்றன? ஆங்கிலச் செய்திகளையும் பாட்காஸ்ட்களையும் தினமும் கேளுங்கள் என்கிறார்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். குறிப்பெடுக்கப் பழகுங்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இருக்கும் நேரத்தை எதில் செலவிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி எழுதியது:

எழுத்தில் பார்த்தால் எல்லாச் சொல்லும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். உங்கள் சொல்வளம் போதுமானதாக இருக்கிறது. நீங்கள் கண்ணால் கற்ற சொற்களின் ஒலி வடிவம் உங்கள் காதுக்கு இன்னும் பழக்கமாகவில்லை, அவ்வளவுதான். இந்தக் குறையை மாதிரித் தேர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் தீர்க்க முடியாது. மாதிரித் தேர்வு நம் நிலையை அளந்து காட்டும்; காதைப் பழக்குவது தேர்வு முடிந்தபின் நாம் செய்யும் வேலைதான்.

தமிழில் பேசும்போது பெரும்பாலும் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்து ஒலிக்கிறோம். ஆங்கிலம் அப்படி நடப்பதில்லை. பொருள் தாங்கும் சொற்களை அழுத்திச் சொல்லிவிட்டு, இடையில் வரும் சிறு சொற்களை விழுங்கிவிடுகிறது. 'ஷுட் ஹேவ் பீன்' என்று மூன்று சொற்களாக நீங்கள் படித்தது, பேச்சில் 'ஷுடபின்' என்று ஒரே சொல்லாக ஓடிவிடும். 'நெக்ஸ்ட் டே' என்பதில் 'ட்' ஒலி மறைந்து 'நெக்ஸ் டே' என்றே கேட்கும். அமெரிக்கப் பேச்சில் 'கேன்', 'கேன்ட்' ஆகிய இரண்டையும் கடைசி 'ட்' ஒலியைக் கொண்டு பிரித்தறிய முயன்றால் பல நேரம் ஏமாந்துபோவோம். முடியும் என்று சொல்லும்போது அந்தச் சொல் 'கன்' என்று சுருங்கி ஒலிக்கும். முடியாது என்று சொல்லும்போது அழுத்தத்தோடு முழுமையாக ஒலிக்கும். வேறுபாடு அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' போன்ற எண்களிலும் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதைக் கவனிப்பதே நம்பத்தக்க வழி.

ஆகவே நான் சொல்வது டிக்டேஷன் பயிற்சி. நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஒரு மாதிரித் தேர்வின் நான்காம் பகுதியிலிருந்து அரை நிமிட அளவுள்ள துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் எழுதுங்கள். விடைக்குரிய சொற்களோடு நின்றுவிடாமல் 'ஆஃப்', 'டு', 'ஹேட்' போன்ற சிறு சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டும். பிடிபடாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இதற்கு மேல் முடியாது என்ற நிலை வந்தபிறகே எழுத்து வடிவத்தைத் திறங்கள். நீங்கள் எழுதியதும் அதில் உள்ளதும் வேறுபடும் இடங்களில்தான் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. இரண்டு சொற்கள் ஒட்டியதால் தவறியதா, ஓர் ஒலி மறைந்ததால் தவறியதா, சொல்லை நீங்கள் வேறு உச்சரிப்பில் மனத்தில் வைத்திருந்ததால் தவறியதா என்று ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தைக் குறித்து வையுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்தபடி ஒரு முறை, பார்க்காமல் ஒரு முறை கேளுங்கள். கடைசியாக, பேசுபவரோடு சேர்ந்து அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாயால் அந்த வேகத்தில் சொல்லிப் பழகிய தொடரைக் காது எளிதில் தவறவிடுவதில்லை.

வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியைத் தவிர்ப்பது நல்லது. பேசுபவர் விழுங்கிய ஒலி, ஓட்டத்தை மெதுவாக்கினாலும் திரும்பி வந்துவிடாது. தேர்வில் அந்த வசதியும் கிடையாது. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும்.

இதைத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதுவரை தவறிய விடைகளை எடுத்துவைத்து, காதில் விழாததால் போனவை, விழுந்தும் வேறு விடையை நம்பியதால் போனவை, சரியாகக் கேட்டும் எழுத்துப் பிழையாலோ பன்மையை விட்டதாலோ போனவை, அந்த நேரத்தில் கண் வேறொரு கேள்வியில் இருந்ததால் போனவை என்று பிரித்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன பயிற்சி முதல் வகைக்குத்தான் மருந்து. பொதுவாக 30 விடைகள் அளவில் சரியாக இருந்தால் 7 பேண்டும், 23 அளவில் இருந்தால் 6 பேண்டும் கிடைக்கின்றன. தேர்வுக்குத் தேர்வு சற்று மாறலாம். உங்களுக்குத் தேவைப்படும் ஐந்து மதிப்பெண்கள் இவற்றுள் எந்த வகையில் சிக்கியிருக்கின்றன என்பது தெரியாமல் பயிற்சியைத் திட்டமிட முடியாது.

கரைவெளி எழுதியது:

நெடுவழி அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். குறிப்பெடுப்பது பற்றி அவர் தொடவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

குறிப்பெடுக்கப் பழகுங்கள் என்பது பெரும்பாலும் டோஃபல் என்ற மற்றோர் ஆங்கிலத் தேர்வுக்குச் சொல்லப்படும் அறிவுரை. டோஃபலில் உரையைக் கேட்டு முடித்த பிறகே கேள்விகள் திரையில் வரும். எது கேட்கப்படும் என்று முன்னரே தெரியாததால் அங்கே குறிப்பு உதவுகிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்விலோ, ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முன்பே கேள்விகளைப் படிக்க நேரம் தருகிறார்கள், விடைகளும் கேள்விகளின் வரிசையிலேயே வருகின்றன. கேள்வி கண்ணெதிரே இருக்கும்போது தனியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பது கவனத்தை இரண்டாகப் பிளக்கும் வேலை. இரு தேர்வுகளுக்கும் உரிய அறிவுரைகள் ஒன்றாகக் கலந்து சுற்றிவருவதால் பலர் வீணாக அலைக்கழிகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மூன்றாம் பகுதியில் மூன்று தெரிவுகள் கொண்ட கேள்வி வந்தால், மூன்றைப் பற்றியும் உரையாடலில் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள். ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துச் சொல்கிறேன். ஓர் ஆய்வு பாதியில் நின்றதற்குக் காரணம் என்ன என்பது கேள்வி. நேரமின்மை, நிதியின்மை, பங்கேற்பாளர் பற்றாக்குறை என்பவை தெரிவுகள். மாணவி, நேரம் போதாமல் போயிருக்கும் என்று தான் நினைத்ததாகச் சொல்கிறாள். மாணவன், ஆட்கள் போதிய அளவு கிடைத்தார்கள் என்றும், 'த மனி ஜஸ்ட் வாஸ்ன்ட் தேர்' என்றும் சொல்கிறான். அவள் 'ரைட், தட் மேக்ஸ் சென்ஸ்' என்று ஒப்புக்கொள்கிறாள். நிதி என்பதற்குத் தெரிவில் இருந்த 'ஃபண்டிங்' என்ற சொல் உரையாடலில் எங்குமே ஒலிக்கவில்லை. ஆனால் தவறான தெரிவான 'டைம்' என்ற சொல் அப்படியே ஒலித்தது. தெரிவில் உள்ள சொல் காதில் விழுந்தவுடன் அதையே விடையாகக் கொள்பவர்கள் விழும் இடம் இதுதான். ஒருவர் முன்வைத்த கருத்தை மற்றவர் ஏற்றாரா, மறுத்தாரா, தயங்கினாரா என்பது வரை காத்திருந்து முடிவு செய்யுங்கள். 'ஆக்சுவலி', 'தட் செட்', 'ஐ யூஸ்ட் டு திங்க்' போன்ற தொடர்கள் வரும்போது கருத்து திரும்பப்போகிறது என்று விழிப்போடு இருங்கள்.

இதற்குப் பயிற்சியாக, தேர்வு முடிந்தபின் ஒவ்வொரு கேள்வியிலும் உள்ள தொடருக்கு எதிரே, ஒலிப்பதிவில் அதே பொருளைத் தந்த தொடரை எழுதிவாருங்கள். விடை சரியாக அமைந்த கேள்விகளுக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சில விடைகள் ஊகத்தால் சரியாகியிருக்கும்.

நான்காம் பகுதியில் பேச்சாளர் ஒருவரே. நடுவில் இடைவெளியும் தரப்படுவதில்லை. அங்கே கண் எப்போதும் அடுத்தடுத்த இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். 32-ஆவது விடைக்குக் காத்திருக்கும்போதே 33-இல் வரும் முக்கியச் சொல் மனத்தில் இருந்தால், அந்தச் சொல்லோ அதன் பொருளோ காதில் விழுந்ததும் 32 கடந்துபோய்விட்டது என்று தெரிந்துவிடும். உடனே அதை விட்டுவிடுங்கள். கேள்வியில் தரப்பட்டிருக்கும் குறிப்புகளின் நடுவே உள்ள தலைப்புகள் பேச்சாளர் எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். வழி தவறியவர்கள் அடுத்த தலைப்பில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். தவறிய இடத்தில் கடைசியில் ஊகித்து ஏதேனும் எழுதிவிடுங்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

தூரிகை எழுதியது:

பாட்காஸ்ட் கேட்பதை அடியோடு விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். ஐஇஎல்டிஎஸ் ஒலிப்பதிவுகளில் பிரிட்டிஷ் உச்சரிப்போடு ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்க உச்சரிப்புகளும் வருகின்றன. ஆஸ்திரேலியர் சிலர் 'டுடே' என்று சொல்வது நம் காதில் 'டுடை' என்று விழும். நியூசிலாந்துக்காரர் சொல்லும் 'பென்' நமக்குப் 'பின்' போலக் கேட்கும். இந்த வேறுபாடுகளை விதியாக மனப்பாடம் செய்து பயனில்லை, அந்தக் குரல்களோடு நெடுநேரம் பழகினால்தான் காது தானாகத் திருத்திக்கொள்ளும்.

வேறு வேலை செய்துகொண்டே கேட்பது பழக்கத்துக்கு உதவும், ஆனால் அதைப் பயிற்சி நேரத்தில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது. எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். பிபிசி வெளியிடும் ஆங்கிலம் கற்போருக்கான ஆறு நிமிட நிகழ்ச்சிகள் அப்படிக் கிடைக்கின்றன. கேட்டு முடித்ததும், பேசியவர் என்ன சொல்ல வந்தார், அதற்கு என்ன காரணம் காட்டினார் என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். அது வரவில்லையென்றால் மறுபடியும் கேளுங்கள்.

மழைத்துளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுவழி ஐயா சொன்னபடி, தவறிய விடைகளைப் பிரித்துப் பார்த்தேன். காதில் விழாமல் போனவையே மிகுதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பன்மை 'எஸ்' விட்டுப்போனதும் எழுத்துப் பிழையும் கணிசமாக இருக்கின்றன. 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் 'எம்' ஒன்றுதான் போட்டிருக்கிறேன். கணினித் தேர்வில் இவற்றைச் சரிபார்க்க 10 நிமிடம் கிடைக்குமா? வரைபடக் கேள்விகளுக்கென்று தனியாகப் பயிற்சி தேவையா?

கரைவெளி எழுதியது:

அந்த 10 நிமிடங்கள் தாளில் எழுதுபவர்கள் விடைகளை விடைத்தாளுக்கு மாற்றுவதற்காகத் தரப்படுபவை. கணினியில் நீங்கள் நேரடியாகத் தட்டச்சு செய்வதால், கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே உண்டு. ஆகையால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கிடைக்கும் சிறு இடைவெளியிலேயே பன்மையையும் எழுத்துகளையும் பார்த்துவிடுவது நல்லது. பன்மையைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். கோடிட்ட இடத்துக்கு முன் 'எ' அல்லது 'அன்' இருக்கிறதா, பின்னால் வரும் வினைச்சொல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வாக்கியமே பெரும்பாலும் சொல்லிவிடும். 'அக்காமடேஷன்' என்பதில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். எத்தனை சொற்களுக்குள் எழுத வேண்டும் என்ற வரம்பை மீறினால், சரியான சொல் உள்ளே இருந்தாலும் மதிப்பெண் கிடைக்காது.

வரைபடக் கேள்வி வந்தால், படிக்கக் கொடுக்கும் நேரத்தில் முதலில் நுழைவாயிலையோ, 'நீங்கள் இருக்கும் இடம்' என்ற குறியையோ கண்டுபிடித்து அங்கே நில்லுங்கள். பேச்சாளர் அங்கிருந்துதான் அழைத்துச் செல்வார். இடம் வலம் என்பதை, தாளைப் பார்க்கும் உங்கள் பக்கத்திலிருந்து கணக்கிடாமல், அந்தப் பாதையில் நடப்பவரின் பக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும். 'பாஸ்ட்', 'ஆப்போசிட்', 'ஃபார் எண்ட்', 'ஜஸ்ட் பிஃபோர்' போன்ற இடம் சுட்டும் சொற்களுக்கு, ஒலிப்பதிவை நிறுத்தாமல் விரலை வரைபடத்தின் மேல் நகர்த்தியபடி கேட்டுப் பழகுங்கள். இதற்கு அதிக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. உங்கள் நேரத்தின் பெரும்பகுதி மூன்றாம், நான்காம் பகுதிகளின் டிக்டேஷனுக்கே போகட்டும்.