சம்ப் கழட்டினா இன்ஜின் பிரிச்ச கணக்கா, இல்லையா?

பதினெட்டு_சக்கரம்:
செமி ட்ரக்குக்கு எந்த டீசல் இன்ஜின் நம்பகமானதுன்னு ஓடுற இழையில ஒரு பெரிய மனுஷர் அடிச்சு விட்டிருக்கார்: "12.7 லிட்டர் டெட்ராய்ட் சீரீஸ் 60 வாங்கு, 16 லட்சம் கிலோமீட்டர் பிரிக்காம ஓடும். 2002-க்கு அப்புறம் வந்ததெல்லாம் காயலான் கடைக்குத்தான்." பேர் சொல்ல வேண்டாம்னு பார்க்கிறேன். ஒரே கேள்வி. அந்த 16 லட்சத்துக்குள்ள ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கிற இடத்துல இருக்கிற உலோக உறை) மாத்தலையா? பாதி வழியில சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டியைக் கழட்டி புது பேரிங் போட்டுட்டு "பிரிக்கவே இல்லை"ன்னு மீசை முறுக்கினா எப்படி?

பழைய_மெக்கானிக்:
பேர் சொல்லியே கேட்கலாம் தம்பி, எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல. சம்ப் கழட்டுறது பராமரிப்பு. மேல் மூடியான ஹெட்டை இறக்கி லைனர் (சிலிண்டரோட உள் உறை), பிஸ்டன் வெளிய வந்தாத்தான் பிரிச்ச கணக்கு. சீரீஸ் 60 வந்தது 1987. கனரக டீசல்ல முழு எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டை முதல்ல கொண்டு வந்ததே அதுதான். புகையில ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற ஈஜிஆர் கிடையாது, புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி கிடையாது, புகையைச் சுத்தம் பண்ற யூரியா டேங்க் கிடையாது. கெட்டுப்போக என்ன இருக்கு அதுல?

பதினெட்டு_சக்கரம்:
பேரிங் இருக்கே.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். கம்பெனிக்காரங்க சொல்ற 16 லட்சம், அதாவது பத்து லட்சம் மைல், பி50 கணக்கு. பெரிய வேலை வராம பாதி இன்ஜின்கள் அந்தத் தூரத்தைத் தாண்டும், மீதிப் பாதி அதுக்கு முன்னாடியே படுத்துடும்னு அர்த்தம். பி10, அதாவது பத்துல ஒண்ணு படுக்கிற தூரம் எவ்வளவுன்னு கேட்டாத்தான் எது சீக்கிரம் கவுக்கும்னு தெரியும். முதல்ல "நம்பகம்"னா எதுன்னு முடிவு பண்ணிட்டு...

பழைய_மெக்கானிக்:
அந்தப் பி, சி எல்லாம் ஆபீஸ்ல வச்சுக்குங்க சார். நான் கையில பிடிச்சுப் பார்த்ததைச் சொல்றேன். சம்ப்பை இறக்கி, ராட் கேப்பைக் கழட்டி, பிஸ்டனைக் கொஞ்சம் மேல தள்ளினா பழைய ஷெல் (பேரிங்கோட பாதி வளையம்) கையோட வந்துடும். மேல் ஷெல்தான் முதல்ல தேயும், வெடிப்போட அடி நேரா அதுல விழுது. சாம்பல் பூச்சு போய் செம்பு பளிச்சுன்னு தெரியும். புதுசை வச்சு டார்க் (முறுக்கு அளவு) பார்த்து முறுக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். கிராங்க் இருந்த இடத்துலயே இருக்கு, ஹெட் போல்ட்டை யாரும் தொடல. இதுக்குப் பேர் பிரிக்கிறதா?

ஹைவே_ராணி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணே. கேட்டர்பில்லர் சி15, அதுவும் ஒற்றை டர்போ 6என்இசட் சீரியல் நம்பர்காரன், அதைப் பத்தி ஏன் யாரும் வாய் திறக்கல? ஏத்தத்துல சீரீஸ் 60 கியர் தேடிக்கிட்டு நிக்கும்போது மஞ்சள் கேட்டர்பில்லர் இன்ஜின் பாட்டுக்குத் தாண்டிப் போகும்.

பதினெட்டு_சக்கரம்:
போகும் போகும், டீசல் பங்க் வரைக்கும். ரோட்டு வண்டிக்கு இனிமே இன்ஜின் தரமாட்டோம்னு அவங்களே 2008-ல கையைத் தூக்கிட்டாங்க.

ஹைவே_ராணி:
உதிரிபாகம் இன்னைக்கும் கிடைக்குது. தெரியாததைப் பேசாதீங்க. போன தடவை ஆயில் இழையிலயும் இதே மாதிரி பேசிட்டு ஓடினவர்தானே நீங்க?

பதினெட்டு_சக்கரம்:
ஓடல, தூங்கப் போனேன். ஆயில் டெஸ்ட்ல சோடியம், பொட்டாசியம் ஏறினா கூலண்ட் கலக்குதுன்னு சொன்னேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன். ஈயமும் செம்பும் ஏறினா பேரிங். பழைய மெக்கானிக் ஐயா அந்த ரிப்போர்ட்டை வாழ்க்கையில பார்த்திருக்காரான்னு கேளுங்க.

பழைய_மெக்கானிக்:
ரிப்போர்ட் எதுக்கு? ஆயில் ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பைப் பிரிச்சு வெயில்ல பிடிச்சா மினுமினுப்பு தெரியும். கண் இருக்கணும், அவ்வளவுதான். திரும்பவும் சொல்றேன், சம்ப் கழட்டுறது பராமரிப்பு.

புதுசா_வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். நீண்ட தூர ஓட்டம், முழு லோடு, ஐடிலிங் (நின்ன இடத்துல இன்ஜின் ஓடுறது) கம்மி. டெட்ராய்ட் டிடி15 எடுக்கலாமா, கம்மின்ஸ் எக்ஸ்15 எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
உங்க ஓட்டத்துக்கு ரெண்டுமே சரிதான் ப்ரோ. லோடோட தொடர்ந்து ஓடினா புகைபோக்கிச் சூட்டுலயே வடிகட்டியில சேர்ற கரி எரிஞ்சிடும். நின்ன இடத்துல மணிக்கணக்கா ஓடுற வண்டிக்குத்தான் 2007-க்குப் பிந்தின இன்ஜின் தலைவலி கொடுக்கும். யூரியா திரவம் மைனஸ் 11 டிகிரியில உறையும், டேங்க் ஹீட்டர் வேலை செய்யுதான்னு மட்டும் பார்த்துக்குங்க. பழைய வண்டி எடுத்தா...

பழைய_மெக்கானிக்:
வந்துட்டாங்கய்யா வடிகட்டி வக்கீல். எக்ஸ்15 யாரு? கம்மின்ஸோட பழைய இன்ஜின் ஐஎஸ்எக்ஸோட வாரிசு. பழைய ஐஎஸ்எக்ஸ்ல வால்வைத் தள்ள ஒரு கேம் (முகடு வச்ச தண்டு), டீசல் பீய்ச்சுற இன்ஜெக்டரைத் தள்ள ஒரு கேம். ஓவர்ஹெட் செட்டிங்கை, அதாவது மேல இருக்கிற வால்வு, இன்ஜெக்டர் இடைவெளியை ஒழுங்கா பார்க்கலேன்னா கேம் முகடு தேஞ்சு மொட்டையாயிடும். அதை மாத்துறதைப் பிரிச்ச கணக்குல சேர்ப்பீங்களா, மாட்டீங்களா?

கணக்குப்பிள்ளை:
2010 மாடல்ல காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்லேர்ந்து அழுத்தத்தோட டீசல் போற முறை) வந்ததும் இன்ஜெக்டர் கேமே போயிடுச்சு. அவர் கேட்கிறது எக்ஸ்15, அது 2017-ல வந்தது.

பழைய_மெக்கானிக்:
கேள்விக்குப் பதில் இல்ல. தெரியும் எனக்கு.

பதினெட்டு_சக்கரம்:
ஓவர்ஹெட் கேமுக்கு சம்ப் கழட்ட வேண்டாம். பேரிங்குக்குக் கழட்டணும். நீங்க கழட்டினீங்க. அப்போ பிரிச்சாச்சு.

பழைய_மெக்கானிக்:
டயர் மாத்தினா வண்டியையே பிரிச்சேன்னு சொல்வியா நீ?

பதினெட்டு_சக்கரம்:
டயர் இன்ஜினுக்குள்ள இருக்கா?

ஹைவே_ராணி:
சி15 பத்திக் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

புதுசா_வந்தவன்:
கணக்குப்பிள்ளை சார், பழைய வண்டி எடுத்தா என்ன பார்க்கணும்னு சொல்ல வந்தீங்களே?

பழைய_மெக்கானிக்:
தம்பி, அவர்கிட்ட கேட்காத. அவர் கையில கிரீஸ் பட்டு எந்தக் காலமோ. 12.7 எடு. பேரிங்கை நேரத்துக்கு மாத்து. பிரிக்காம ஓடும்.

பதினெட்டு_சக்கரம்:
"பேரிங்கை மாத்து, பிரிக்காம ஓடும்." ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன் ஐயா.

பழைய_மெக்கானிக்:
எடு. பிரேம் போட்டு மாட்டு. நீ ஒரு சம்ப்பையாவது சொந்தக் கையால இறக்கியிருந்தா கேஸ்கெட்டோட ஒரு போட்டோ போடு, மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

பதினெட்டு_சக்கரம்:
போன வருஷமே போட்டேன். "இது கூகுள் படம்"னு சொன்னது நீங்கதான்.

பழைய_மெக்கானிக்:
கூகுள் படம்தான் அது. அதுல தெரிஞ்ச கைக்கடிகாரம் உன்னோடதே இல்ல.