காசிமேட்டு உப்புத் தண்ணீரை போன் தாங்குமா?

கேள்வி:
காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறேன். விடியற்காலையில் ஈரக் கையோடுதான் போனைத் தொட வேண்டியிருக்கிறது. போன வாரம் ஐஸ் கூடைக்குள் விழுந்தது, அப்புறம் சார்ஜ் ஏறவே இல்லை. தண்ணீரும் தூசியும் புகாது என்று தரம் போட்டு விற்கிற ஐபி68 போன் வாங்கினால் போதுமா?

பதில் (ராயபுரம், ரிப்பேர் கடை):
போதாது தம்பி. ஐபி68 தரம் கொடுக்கும் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். உப்பு சார்ஜ் பின்னை அரித்துவிடும், என் மேசைக்கு வருவதில் பாதி அப்படித்தான். அடுத்த முறை விழுந்தால் உடனே ஆஃப் செய். ஐபி68 போன் என்றால் நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைத்து, காற்றில் காயவிடு. ஈரத்தோடு சார்ஜ் போடவே போடாதே. அரிசியில் புதைக்காதே, தூசிதான் உள்ளே போகும்.

பதில் (திருவொற்றியூர்):
கழுத்தில் மாட்டும் தண்ணீர் புகாத பை வாங்குங்கள். என் மாமா படகில் அதைத்தான் வைத்திருக்கிறார்.

கேட்டவர்:
சரிண்ணே, பழைய போனை நாளைக்கே எடுத்து வருகிறேன். கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.