மறு: ஹைலம் – தழும்பா, வாயிலா, காம்படியா?

வணக்கம் ஐயா,

விதையில் காம்பு ஒட்டியிருந்த இடத்துக்கும், சிறுநீரகத்தில் குழாய்கள் போய்வரும் குழிவுக்கும் ஆங்கிலத்தில் ஹைலம் (hilum) என்று ஒரே பெயர். அதைத் தமிழில் விதைக்குத் ‘தழும்பு’, சிறுநீரகத்துக்கு ‘வாயில்’ என்று இரண்டு சொல்லாகவே விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தாவரத்தையும் மனித உடலையும் படிப்பது ஒரே பிள்ளைதான். ஹைலம் என்று ஒரே பெயர் ஏன் இரண்டுக்கும் வந்தது என்பது அந்தப் பிள்ளைக்குத் தமிழிலேயே விளங்க வேண்டும்.

நேற்றிரவு ஊறப்போட்ட கௌப்பிப் பயற்றை இன்று வகுப்பில் கொடுத்தேன். கறுப்பு வளையத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு நீள்வட்டம். விதையைக் காயோடு இணைத்திருந்த சூற்காம்பு விட்டுப்போன இடம் அது, தழும்பு என்பது அங்கே சரிதான். ஆனால் ‘சிறுநீரகத் தழும்பு’ என்றால் நோய். சிறு வயதில் சிறுநீர்த்தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் உண்மையாகவே தழும்பு விழும். ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்க்கிற தாய் என்ன நினைப்பாள்?

வாயில் சிறுநீரகத்துக்குப் பொருந்துகிறது. முன்னால் நாளம் (vein), அதன் பின்னால் நாடி (artery), அதற்கும் பின்னால் சிறுநீர்க்குழாய், மூன்றும் அந்தக் குழிவு வழியேதான் போய்வருகின்றன. விதையில்தான் சிக்கல். ஊறிய கௌப்பியைத் துடைத்துவிட்டு விரலால் அழுத்தினால், அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் உள்ள நுண்துளையால் நீர் கசியும். வாயில் என்ற பெயர் நியாயமாக அந்தத் துளைக்குத்தான் போக வேண்டும்.

அதனால் ‘காம்படி’யை முன்வைக்கிறேன். மாங்காய் பறித்தால் காம்படியில் பால் வடியும் என்று எங்கள் பக்கம் சின்னப்பிள்ளையும் சொல்லும். காம்பு ஒட்டியிருந்தாலும் விட்டுப்போனாலும் அந்த இடத்துக்குப் பெயர் மாறாது, எனக்குப் பிடித்ததே அதுதான். சிறுநீரகத்துக்குப் போய்வரும் அந்தக் குழாய்க் கொத்தையும் அறுவை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் காம்பு என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க்கணு எல்லாவற்றிலும் உள்ள ஹைலத்துக்கும் இதே சொல் போதும்.

லத்தீனில் ஹைலம் என்றால் அற்பப் பொருள். அதை மொழிபெயர்த்து நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

ஒரு குறை உண்டு. பழத்துக்கும் காம்படி இருக்கிறது, ஆகவே ‘விதைக் காம்படி’ என்று முன்னொட்டோடு எழுதியே ஆக வேண்டும்.

அடுத்த கிழமை ஆட்டுக் குண்டிக்காய் வாங்கி வெட்டிக் காட்டப்போகிறேன். கரும்பலகையில் ‘சிறுநீரகக் காம்படி’ என்று எழுத எண்ணம். மறுப்பு இருந்தால் அதற்கு முன்னமே எழுதிவிடுங்கள் ஐயா.