இங்கிலாந்து எம்.எஸ்சி.யா, ஜெர்மனியா, சென்னையிலேயே எம்.பி.ஏ.வா? துபாய் வேலைக்கு எது கைகொடுக்கும்?

கீழக்கரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பி.காம். முடித்துவிட்டு மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமெண்டேஷன் வேலை பார்க்கிறேன். மூன்றாவது வருஷம் ஓடுகிறது. இறால், கணவாய், நண்டுச் சதை எல்லாம் ரீஃபர் என்கிற குளிரூட்டும் கண்டெய்னரில் தூத்துக்குடி வழியாகப் போகும். ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட், ஹெல்த் சர்டிபிகேட், ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கென்றால் எம்பெடா என்கிற கடல் பொருள் ஏற்றுமதி ஆணையத்தில் வாங்கும் கேட்ச் சர்டிபிகேட் (மீன் முறையாகப் பிடிக்கப்பட்டது என்ற சான்று), இதெல்லாம் என் பொறுப்பு. வேலை பிடித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் இதற்கு மேல் ஏற இங்கே வழியில்லை. மேனேஜர் நாற்காலி எல்லாம் முதலாளி குடும்பத்துக்கு.

காக்கா (என் அண்ணன்) துபாயில் குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே லாஜிஸ்டிக்ஸ் வேலை கிடைத்தால் அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், உம்மாவும் சம்மதித்துவிட்டார். "வெறும் பி.காம்.மோடு வந்தால் இங்கேயும் டைப் அடிக்கிற வேலைதான், ஒரு மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு வா" என்கிறார் காக்கா.

அதற்காக வாப்பாவோடு ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் பிசினஸ் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஃபீஸ், தங்குவது, விசா எல்லாம் சேர்த்து 28 லட்சமாம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது வாப்பா, "ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்றார்.

வாப்பா வட்டிக்குக் கடன் வாங்க மாட்டார். எனக்கும் அதில் மனமில்லை. இருப்பது எனக்கு வீடு கட்டவென்று வாங்கிப் போட்ட மனை ஒன்றுதான். அதை விற்றுவிடலாம் என்கிறார். எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை என்கிறாள் ஒரு தோழி. சென்னையிலேயே எம்.பி.ஏ. போதும் என்கிறார் ஆபீஸில் ஒரு அண்ணன். நிஜமாகவே வெளியில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜெபல்அலிக்காரன்:

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. எனக்குப் பெரியபட்டினம். துபாயில் ஜெபல் அலித் துறைமுகப் பக்கம் ஃபிரைட் ஃபார்வர்டிங்கில், அதாவது மற்றவர்களுக்காகச் சரக்கு அனுப்பித் தரும் தொழிலில், ரொம்ப வருஷமாக இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிறவர்களில் நானும் ஒருவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மனையை விற்காதே. வாப்பாவிடமும் நான் சொன்னதாகவே சொல்.

இன்டர்வியூவில் நான் வழக்கமாகக் கேட்பது இது: "ரீஃபர் வந்து இறங்கிவிட்டது. பி.எல்.லில் (கப்பல் கம்பெனி சரக்குக்குத் தரும் பில் ஆஃப் லேடிங்) கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுகிறவர், பெயரில் ஒரு எழுத்து தப்பு. என்ன செய்வீர்கள்?" வெளிநாட்டு மாஸ்டர்ஸோடு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் இந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள். நீ நிற்க மாட்டாய். சரக்கு அனுப்பிய ஷிப்பரிடமிருந்து திருத்தக் கடிதம் வாங்கணும், ஒரிஜினல் பி.எல். மூன்றையும் ஷிப்பிங் லைனிடம் திருப்பிக் கொடுக்கணும், கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்டையும் திருத்தணும். அதுவரைக்கும் பெட்டி மைனஸ் 18 டிகிரியில் கரண்டில் நிற்கும், ப்ளக்-இன் கட்டணமும், எடுக்கத் தாமதமானால் விழும் டெமரேஜும் ஏறிக்கொண்டே போகும். இதெல்லாம் உனக்குக் கைப்பழக்கம். இந்தக் கைப்பழக்கத்தின் மேல் நிற்கிற படிப்பாகத் தேடு. இன்டர்நேஷனல் பிசினஸ் என்ற பொதுவான பெயருக்கு 28 லட்சம் கொட்டினால், இங்கே வந்து இறங்கும்போது நீயும் ஃபிரெஷர் வரிசையில் போய் நிற்பாய்.

உனக்கு இப்போது தெரியாததைத்தான் படிப்பு தரணும். ஃபிரைட் ரேட் எப்படிப் பேசுவது, கிடங்கில் சரக்கு எவ்வளவு வைத்துக்கொள்வது, ஒரு வாடிக்கையாளருக்கு ஆகிற மொத்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது, கான்ட்ராக்டில் எந்த வரி நம்மைக் கடிக்கும். சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ், போர்ட் அண்ட் ஷிப்பிங் என்று தலைப்பு இருந்தால் இவை பாடத்திட்டத்தில் இருக்கும். சென்னை உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். போர்ட் அண்ட் ஷிப்பிங் மேனேஜ்மெண்டில் ஒன்று, இன்டர்நேஷனல் டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் லாஜிஸ்டிக்ஸில் ஒன்று என்று இரண்டு எம்.பி.ஏ. நடத்துகிறார்கள். இரண்டு வருஷம், நுழைவுத் தேர்வு உண்டு. உன் இடத்தில் என் சொந்தத் தங்கச்சி இருந்தால் முதலில் அந்த விண்ணப்பத்தைத்தான் போடச் சொல்வேன்.

இங்கிலாந்து பற்றி ஏஜென்சி சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது ஒன்று உண்டு. மாஸ்டர்ஸ் முடித்தபின் அங்கே தங்கி வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா இரண்டு வருஷமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமென்றால் ஸ்பான்சர் பண்ணும் கம்பெனி வேண்டும். அதற்கான பொதுவான சம்பள வரம்பை 2025 ஜூலையில் வருஷத்துக்கு 41,700 பவுண்டாக உயர்த்தினார்கள், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. அங்கேயே வாழணும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் போகட்டும். உனக்குப் போக வேண்டிய இடம் துபாய். எதற்கு லண்டனைச் சுற்றிக்கொண்டு வருகிறாய்?

அப்புறம் அட்டெஸ்டேஷன், அதாவது டிகிரி உண்மையானது என்று முத்திரை வாங்குவது. ஒரே முத்திரையைப் பல நாடுகள் ஏற்கிற அபோஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லை. அதனால் இந்திய டிகிரி என்றால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே மோஃபா (அமீரக வெளியுறவு அமைச்சகம்) என்று முத்திரை வாங்கணும். இங்கிலாந்து டிகிரிக்கு இதே வேலையை அங்கே தொடங்கணும். தபால்வழிப் படிப்பைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொரு மாதிரி பார்ப்பார்கள், நேரில் போய்ப் படிப்பதே உனக்கு நல்லது.

தொண்டிப்பொண்ணு:

தோழி, நான் தொண்டி, இப்போது ஜெர்மனியில் சப்ளை செயின் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ஃபீஸ் இல்லை என்பது பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. தனியார் கல்லூரிகள் கட்டணம் வேறு ரகம், ஏஜென்சிகள் தள்ளிவிடுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

பணமே வேண்டாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதா மாதம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோ போட்டுக் காட்டணும். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். அதற்கு முன்னால், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கணும். பி.காம். மூன்று வருஷம் என்பதால் எல்லாக் கோர்ஸும் ஏற்காது, 180 கிரெடிட் (ஐரோப்பாவில் மூன்று வருஷப் படிப்பின் அளவு) போதும் என்கிறதா, கணிதமும் புள்ளியியலும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கணும். படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

ஆனால் மொழி! வகுப்பு இங்கிலீஷில் நடக்கும், கிடங்கில் ஃபோன் எடுத்தால் ஜெர்மன்தான். என்னோடு படித்தவர்களில் ஜெர்மனை ஒழுங்காகக் கற்றவர்களுக்குத்தான் இன்டர்ன்ஷிப்பே சுலபமாகக் கிடைத்தது. துபாய்தான் போகப் போகிறீர்கள் என்றால் அந்த உழைப்பை இங்கே ஏன் போடணும்? ஐரோப்பாவிலேயே இருக்கத் தோன்றினால் மட்டும் வாருங்கள், அப்போது நானே கூட இருந்து எல்லாம் பார்த்துத் தருகிறேன். ஜெபல் அலி காக்கா சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். நல்ல ஐரோப்பிய எம்.பி.ஏ.க்கள் டிகிரிக்குப் பின் மூன்று வருஷ அனுபவமாவது கேட்கும். ஏஜென்சி காட்டுகிற எம்.எஸ்சி. எல்லாம் பெரும்பாலும் அனுபவமே இல்லாதவர்களுக்கானது. உங்கள் அனுபவத்தை அங்கே யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

கீழக்கரைக்காரி:

ஜஸாக்கல்லாஹ் காக்கா, நன்றி தோழி. வாப்பாவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பி.எல். கேள்வி வந்த இடத்தில் "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். போன மாசம்தான் இப்படி ஒன்றை முடித்துக் கொடுத்தேன் என்றேன். மனைப் பேச்சு இப்போதைக்கு நின்றுவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆபீஸில் வேலை குறைவாகத்தான் இருக்கும். நுழைவுத் தேர்வுக்கு அந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் வேறு என்ன செய்து வைக்கணும் காக்கா?

ஜெபல்அலிக்காரன்:

நல்ல முடிவு தங்கச்சி. ஆனால் படிப்பைத் தடைக்காலத்துக்கென்று ஒதுக்காதே, நுழைவுத் தேர்வு கோடையிலேயே வந்துவிடும், இப்போதே தொடங்கு. கம்பெனியில் அனுபவக் கடிதம் வாங்கும்போது "உதவியாளர்" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க விடாதே. எந்தெந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்பினாய், எந்தெந்தச் சான்றிதழ் கையாண்டாய், ரீஃபர் சரக்கு என்பதையெல்லாம் எழுதி வாங்கு. எக்ஸெல் நன்றாகப் பழகு, பிவட் டேபிள் வரைக்கும்.

இன்னொன்று, அதை இன்றைக்கே பார். பி.காம். சர்டிபிகேட்டில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் விரிவாக இருக்கும். அட்டெஸ்டேஷனில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டும் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுது, வித்தியாசம் இருந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.