நுவரெலியாக் குளிரில் காஸ் ஹீற்றர் பாதியில் அடங்குவது ஏன்?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். அப்பாவின் அறுபதாம் கலியாணத்தை வருகிற தை மாதம் நுவரெலியாவில் ஒரு வாடகைப் பங்களாவில் வைக்கிறோம். இரவுச் சாப்பாடு புற்றரையில். வயதானவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அதற்காகக் குடை வடிவக் காஸ் ஹீற்றர்கள் இரண்டைக் கொழும்பிலேயே வாடகைக்குப் பேசியிருக்கிறேன். சென்ற வருடம் அதே இடத்தில் ஒன்றைப் பாவித்தபோது, முதல் ஒரு மணித்தியாலம் நன்றாக எரிந்த சுவாலை பின்னர் மெல்லச் சுருங்கி அணைந்துவிட்டது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், பாரம் குறையவேயில்லை. அடிப்பாகம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. பழுது எதில்? குளிர்காற்றுக்கு நான்கு பக்கமும் தறப்பாள் கட்டலாமா?

மறுமொழி (கொட்டாஞ்சேனை)

தம்பி, பழுது எதிலும் இல்லை. நான் மலைநாட்டு ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலையில் இருந்தவன். இதைப் பல தடவை கண்டிருக்கிறேன். வீட்டுச் சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மறை 42 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். பியூட்டேனின் கொதிநிலையோ மறை 0.5 பாகை. திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சுவதால், வெளியில் 7 அல்லது 8 பாகை இருக்கும் இரவிலும் உள்ளே குளிர் பூச்சியத்தைத் தொட்டுவிடும். புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விட, எஞ்சிய பியூட்டேன் ஆவியாகாமல் அடியில் கிடக்கும். பாரம் இருந்தும் அமுக்கம் இல்லாமற்போவது இதனால்தான். 13 கிலோவாற் ஹீற்றர் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ காஸ் குடிக்கும் என்பதால், சிறிய சிலிண்டர் விரைவில் விறைத்துவிடும்.

ஆகவே 12.5 கிலோவுக்குக் குறைந்ததைக் கொண்டுபோகாதீர்கள். ஹீற்றருக்கு இரண்டு வீதம் வைத்து, ஒன்று பூத்ததும் அணைத்துவிட்டு மற்றதை மாட்டுங்கள். முழு வேகத்தில் எரிக்காமல் நடுத்தரத்தில் விடுங்கள். ஒரு முறை, விறைத்த சிலிண்டரின் அருகே கரியடுப்பைக் கொண்டுவந்து வைத்த பையனின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நல்லெண்ணத்தில்தான் செய்தான். தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

மறுமொழி (தெஹிவளை)

தறப்பாளைப் பற்றி நான் சொல்கிறேன். காற்று வரும் பக்கத்தில் ஒன்றும், தேவையானால் அதையடுத்து இன்னொன்றும் கட்டலாம். மற்ற இரண்டு பக்கமும் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். நான்கையும் மூடினால் ஒட்சிசன் குறைந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதியவர் ஒருவர் தலையிடி என்று கதிரையில் சாய்ந்தால் நாம் பயணக் களைப்பு என்றே நினைப்போம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றும் ஐதானது.

தறப்பாளுக்கும் ஹீற்றரின் தலைக்கும் இடையே 1 மீற்றருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். புற்றரை சரிவாக இருந்தால் மேடைப் பலகை போட்டு மட்டமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றியதும் ரெகுலேற்றர் பொருத்தில் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கசியும் காஸ் காற்றை விடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தறப்பாளை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, மேலதிகச் சிலிண்டர்களுக்கு இன்றே சொல்லிவைக்கிறேன். எட்டு மணிக்குப் பின் பெரியவர்களைக் கூடத்துக்குள் அழைத்துவிடலாம் என்று அம்மாவும் சொல்கிறார்.