சிக்னலில் நின்றால் மட்டும் ஹீட் ஏறும் கார்: தெர்மோஸ்டாட்டைக் கழட்டலாமா?

பின்சீட்:
1.2 லிட்டர் பெட்ரோல் கார். பைபாஸ் ரோட்டுல 80-ல போனா ஹீட் முள் நடுவுலயே நிக்குது. சிக்னல்ல மாட்டிக்கிட்டா மேல ஏறுது, வண்டி நகர்ந்ததும் இறங்கிடுது. கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணி) குறையல. "நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழட்டிப் போடு"ங்கிறாங்க. செய்யலாமா?

ஸ்பேனர்12:
வேண்டாம் சார். தெர்மோஸ்டாட்ங்கிறது இன்ஜின் சூடாகுற வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற வால்வு. அது மூடின நிலையில சிக்கிக்கிட்டிருந்தா பைபாஸ் ரோட்டுலயும் கொதிச்சிருக்கும். ஓடும்போது காத்து தானா ரேடியேட்டருக்குள்ள புகுந்துடும். நிக்கும்போது ஃபேன்தான் இழுக்கணும். அதை முதல்ல பாருங்க.

ஐடிலில் விட்டு ஏசி போடுங்க. பெரும்பாலான கார்ல கம்ப்ரஸர் எடுத்ததும் ஃபேனும் சுத்தும். சுத்தினா மோட்டார் நல்லாருக்கு, கூலண்ட் சென்சாரையும் அதோட வயரையும் பாக்கணும். சுத்தலன்னா முதல்ல ஃப்யூஸ். அடுத்து ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்): அதே நம்பர்ல ஹார்ன் ரிலே இருந்தா மாத்திப் போட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும். அப்பவும் இல்லன்னா ஃபேன் கப்ளரை (வயர் இணைப்பை) கழட்டி, பேட்டரியிலிருந்து நேரா 12 வோல்ட் கொடுங்க. கப்ளர் மாட்டியிருக்கும்போது கையை உள்ள விடாதீங்க. சில வண்டில இன்ஜின் ஆஃப் ஆனாலும் ஃபேன் திடீர்னு எடுக்கும்.

ஃபேன் ஒழுங்கா ஓடியும் ஹீட் ஏறினா, ஏசி கண்டன்ஸருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற ஏசி தட்டு) ரேடியேட்டருக்கும் நடுவுல தூசி அடைச்சிருக்கும். வெளியிலிருந்து பாத்தா பளிச்சுனு இருக்கும், நம்பாதீங்க. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமா சாதா ஹோஸ் தண்ணி அடிங்க. பிரஷர் வாஷ் வச்சா ஃபின் (மெல்லிசான தகடு) மடங்கிடும்.

லாரிப்பட்டறை:
தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வரேன். நிறைய இன்ஜின்ல அதோட அடியில இன்னொரு தட்டு இருக்கும். சூடானதும் மேல் வால்வு திறக்கும், அந்தத் தட்டு இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்கே திரும்புற பைபாஸ் வழியை மூடும். கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சுடு கூலண்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டாமலே இன்ஜினுக்குத் திரும்பும். ஹீட்டைக் குறைக்கக் கழட்டினது, லோடுல ஹீட்டைக் கூட்டும்! அந்தத் தட்டு இல்லாத இன்ஜினா இருந்தா, சூடே ஏறாம ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோலை அதிகமா ஊத்தும், மைலேஜ் போயிடும்.

சந்தேகம்னா கழட்டி, தண்ணில நூல்ல கட்டித் தொங்கவிட்டு தெர்மாமீட்டரோட சூடாக்குங்க, பாத்திரத்து அடியைத் தொடக்கூடாது. அதுல பொறிச்சிருக்கிற டிகிரியில, அநேகமா 82 அல்லது 88, திறக்க ஆரம்பிக்கணும்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்க. 1.1 பார் அழுத்தம் தாங்குற மூடி சரியா பிடிச்சாதான் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். ஆறினப்புறம் மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிக்கிட்டா, மூடியோட வேக்குவம் வால்வு போச்சு.

பின்சீட்:
ஏசி போட்டும் ஃபேன் அசையல. ரிலே மாத்தியும் இல்ல. நேரா கரண்ட் கொடுத்து மோட்டாரைத் தட்டினா சுத்துது.

ஸ்பேனர்12:
கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு. மோட்டாரை மாத்திடுங்க, தட்டித் தட்டி ஓட்டினா ஒருநாள் ஹீட் ஏறி ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) போகும். கூலண்டை இறக்கத் தேவையில்லை. எப்பவாவது இறக்கினா போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படியும். கூலண்ட்ல டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க. உள்ள மாட்டின காத்து வெளியேற, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரை ஐடில்ல விடுங்க. ஆறின பிறகு மூடியைத் திறந்து லெவல் பாருங்க.