உழ உழ அடர்கிறது: புல்லா, கோரையா?

மேட்டுநிலம்: மக்காச்சோளம் விதைத்த கையோடு பென்டிமெத்தலின் களைக்கொல்லி தெளித்தோம். மற்ற களைகள் அடங்கின. பளபளப்பான கரும்பச்சை இலையுள்ள இது மட்டும் குத்திக்கொண்டு வருகிறது. பிடுங்கினால் தாள்தான் கையோடு வருகிறது, சில நாளில் அதே இடத்தில் மறுபடியும் தளிர். போன பட்டத்தில் திட்டுத் திட்டாக இருந்தது, ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகு நிலம் முழுக்கப் பரவிவிட்டது. என்ன களை, எதற்கு அடங்கும்?

ஏர்முனை: பூத்தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. கதிர் என்ன நிறம்? மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, கிழங்கு எப்படி இருக்கிறதென்றும் சொல்லுங்கள்.

மேட்டுநிலம்: மூன்று பட்டைதான். கதிர் செம்பழுப்பு. கறுத்த கிழங்குகள், கம்பி போன்ற வேரில் மணி கோத்ததுபோல வரிசையாக இருக்கின்றன. நறுக்கினால் உள்ளே வெள்ளை, நல்ல வாசனை.

ஏர்முனை: சந்தேகமே இல்லை, கோரைக்கிழங்கு, அறிவியல் பெயர் சைப்பெரஸ் ரோட்டண்டஸ். மஞ்சள் கோரையானால் கதிர் மஞ்சளாகவும், கிழங்கு வேர்நுனியில் தனியாகவும் இருக்கும். உங்கள் நிலத்துக் கிழங்குச் சங்கிலி அறுபடாதவரை நுனிக்கிழங்கு மற்றவற்றைப் பெரும்பாலும் முளைக்கவிடாது. ரோட்டவேட்டர் அதைத் துண்டாக்கியதும் ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகிவிடும். பென்டிமெத்தலின் விதையிலிருந்து முளைக்கும் களைக்கானது, கிழங்கு அதைச் சட்டை செய்யாது.

நிற்கும் மக்காச்சோளத்துக்கு ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி பொருந்தும். கோரை மூன்று நான்கு இலை விட்டிருக்கும்போது, ஈரம் உள்ள மண்ணில் தெளியுங்கள். அளவுக்கு லேபிளைப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் "கொஞ்சம் கூட்டி" வேண்டாம்.

வரப்போரம்: அறுவடை முடிந்ததும் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து உழுதுவிடலாமே?

ஏர்முனை: அடித்த உடனே உழுதால் மருந்து வீண். இலை வழியாகக் கிழங்குக்கு இறங்க ஒரு வாரம், இரண்டு வாரம் விடவேண்டும். வாடிய கோரைமேல் அடித்தாலும் பயனில்லை, அது தழைத்து வளரவேண்டும். உங்கள் பகுதியில் கிளைபோசேட்டுக்கு அனுமதி உண்டா என்பதையும் முதலில் விசாரியுங்கள். ஒரு தடவையில் ஒழியும் என்று எண்ணாதீர்கள், உறங்கும் கிழங்கு பிறகு முளைக்கும்.

மருந்து வேண்டாமென்றால் கோடையில் கொத்துக்கலப்பை ஓட்டிக் கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவிடுங்கள். இடையில் மழை பெய்தால் அத்தனையும் முளைத்துவிடும், அதுதான் இதிலுள்ள தொல்லை.

மேட்டுநிலம்: அடுத்து வெங்காயம் போட நினைத்தோம். நிலப்போர்வைத் தாள் விரித்தால் அடங்குமா?

ஏர்முனை: தாளைக் குத்திக்கொண்டு வரும், கோரைமுனை அவ்வளவு கூர். வெங்காயத்தைத் தள்ளிப்போடுங்கள், அதன் இலை நிழல் தராது, கோரைக்குக் கொண்டாட்டம். சீக்கிரம் மூடிக்கொள்ளும் தட்டைப்பயறு நல்லது, ஆனால் ஹாலோசல்ஃபியூரான் தெளித்த நிலத்தில் எந்தப் பயிரை எப்போது விதைக்கலாம் என்று லேபிளில் பார்த்த பிறகே விதையுங்கள். கலப்பையை வேறு நிலத்துக்குக் கொண்டுபோகுமுன் மண்ணைத் தட்டிக் கழுவிவிடுங்கள்.